கோல்ஃப் மட்டைக்கு ஆயுத பூஜை

டிவியில் சேனல் மாற்றும்போது பச்சைப் புல்வெளியும் வெள்ளைத் தொப்பியும் கண்ணில் பட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. அதை ஆட வந்த கிழவர்கள் மேல் கொஞ்சம் உண்டு. மீதிக் கோபம் முழுக்க என் மூத்தார் மேல். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். மனிதர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். இருந்தபோது வாயைத் திறக்க விடவில்லையே, அப்புறம் எப்போதுதான் திட்டுவது?

தொண்ணூறுகளின் பின்பாதி. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு டிராவல்ஸ் கடை இருந்தது. ஒரு அம்பாசடர், ஒரு வேன். வீடு உள்ளே, திருக்கழுக்குன்றம் போகிற வழியில் ஒரு கிராமம். நிலத்தை விற்று வண்டி வாங்கிய குடும்பம். மூத்தார் முதலாளி. என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுவார். மூத்தாரின் மச்சினன் அம்பாசடர் ஓட்டுவான், ஓட்டாத நேரத்தில் முன்சீட்டில் படுத்துத் தூங்குவான்.

நான் செங்கல்பட்டில் பி.காம். படித்துவிட்டு அந்த வீட்டுக்கு வாழ வந்தவள். இங்கிலீஷ் பேசுவேன். வெள்ளைக்காரன் யாராவது கடைக்குள் வந்தால் மூத்தார் எல்லாவற்றுக்கும் "எஸ், எஸ்" என்று தலையாட்டுவார். காஞ்சிபுரம் போக வேண்டியவனைப் பாண்டிச்சேரிக்கு ஏற்றி விட்டதெல்லாம் நடந்திருக்கிறது. அப்படி நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான், வேறு வழியில்லாமல் என்னைக் கடையில் உட்கார வைத்தார். பெரிய மனசு பண்ணி அல்ல.

கடையில் போன் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கும். யாரும் திருட்டுத்தனமாக வெளியூருக்குப் பேசிவிடக் கூடாது என்று அந்தப் பெட்டிக்குப் பூட்டு. போன் அடித்தாலும் பெட்டியைத் திறந்துதான் எடுக்க வேண்டும். எந்த வண்டி எங்கே போகும், யாரை எங்கே ஏற்றுவது என்பதெல்லாம் அந்தப் போனில்தான் முடிவாகும் என்பதால் பெட்டிச் சாவி வைத்திருப்பவர் பேச்சுதான் கடையில் செல்லும். அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது. மூத்தாருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. தன் மச்சினனை அந்த நாற்காலியில் உட்கார வைக்க அவருக்கு ஆசை. எனக்கோ கடையை விட்டால் வீட்டில் அடுப்பும் மாட்டுக்கொட்டகையும்தான். படித்ததெல்லாம் சாணி அள்ளவா?

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு ஏஜென்ட் கூப்பிட்டார். துறைமுகத்துக்கு வருகிற சுற்றுலாக் கப்பல்களில் இருந்து ஆட்களை இறக்கி ஊர் சுற்றிக்காட்டுவது அவர் தொழில். ஒரு கப்பல் காலையில் வந்து சாயங்காலம் கிளம்பிவிடும். மற்றவர்கள் எல்லாரும் பஸ்ஸில் ஏறிக் கோயில் பார்க்க வருகிறார்கள். நாலு கிழவர்களுக்கு மட்டும் கோயில் வேண்டாமாம். போகிற துறைமுகத்திலெல்லாம் ஒரு ஆட்டம் கோல்ஃப் ஆடுவது அவர்கள் வழக்கமாம். இங்கேயும் ஆட வேண்டுமாம்.

"நல்லா செஞ்சு குடுத்தீங்கன்னா இந்த சீசன்ல வர்ற கப்பலுக்கெல்லாம் வண்டி உங்களுதுதான் மேடம்," என்றார் ஏஜென்ட். "ஆனா சாயங்காலம் கப்பல் கிளம்பறதுக்குள்ள ஆளுங்க திரும்பலைன்னா என்னைத் தொலைச்சிடுவாங்க. நான் உங்களைத் தொலைச்சிடுவேன்."

நான் சரி என்றேன். போனை வைத்ததும் மூத்தார் கேட்டார்.

"இன்னாவாம்?"

சொன்னேன். அவர் மச்சினனைப் பார்த்துச் சிரித்தார்.

"கடல் தாண்டி வந்து குழில பந்து போட்றானுங்களாம் மச்சான். இந்தம்மா அதுக்கு பிளான் போட்டுகினு கீது." அப்புறம் என் பக்கம் திரும்பினார். சிரிப்பு போய்விட்டது. "இந்த டிரிப்பு மட்டும் சொதப்பிச்சுன்னு வெச்சிக்க, சாவிய இவன் கைல குடுத்துட்டு வூட்டோட இருந்துக்கணும். சொல்ட்டேன்."

"முடிச்சுக் காட்றேன் மாமா," என்றேன்.

கோல்ஃப் என்றால் என்னவென்று எனக்கு என்ன தெரியும்? கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒரு ரிசார்ட்டில் அதற்கான மைதானம் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். அங்கிருந்த மேனேஜர் உட்காரக்கூடச் சொல்லாமல் பதில் சொன்னார். ஒன்பது குழி இருக்கிறது, இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முழு ஆட்டம், வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வயசானவர்கள் சுருண்டு விழுவார்கள். "மைதானம் தர்றோம். மட்டை கிடையாது. அதெல்லாம் ஆடறவங்களே கொண்டு வரணும்."

கிழவர்கள் மட்டை கொண்டு வரவில்லை, போகிற ஊரில் வாடகைக்கு எடுத்துத்தான் ஆடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். நான் எங்கே போவேன்? சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் பெரிய அதிகாரி எங்கள் வண்டியில் அடிக்கடி போவார். அவர் ஏறினால் கோல்ஃப் மட்டை வைத்த நீளப் பை ஒன்றும் கூடவே ஏறும் என்று என் வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. அவரிடம் போய்க் கெஞ்சினேன். பத்து தடவை யோசித்துவிட்டு இரண்டு பை கொடுத்தார். ஒரு பைக்குள் இத்தனை மட்டையா என்று மலைத்துப் போனேன். நாலு பேருக்கு இரண்டு பை போதும் என்று ரிசார்ட்காரரும் ஒப்புக்கொண்டார்.

தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி, துண்டு, தொப்பி, வழியில் பாத்ரூம் போக சுத்தமாக ஒரு இடம் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்தேன். என் வீட்டுக்காரர் முதல்நாளே வேனோடு சென்னைக்குப் போய்த் துறைமுக வாசலில் காத்திருக்க வேண்டும். கிழவர்களை நேராக ரிசார்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மட்டைகளோடு நான் அங்கே தயாராக இருப்பேன். பை இரண்டையும் கடையில் என் மேஜைக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.

கப்பல் வரும் நாள் விஜயதசமி. முதல்நாள் ஆயுத பூஜை. அன்றைக்குப் பார்த்து நான் வீட்டுக்குத் தூரமானேன். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் பின்கட்டு அறைதான். தட்டு தனி, டம்ளர் தனி. பூஜைப் பக்கம் நிழல்கூட விழக் கூடாது. சாதாரண நாளாக இருந்தால் கடைக்குப் போவதை மூத்தார் கண்டுகொள்ள மாட்டார். அதாவது வியாபாரம் நடக்க வேண்டுமே, அப்போது தீட்டு இருக்காது. பூஜை நாளாச்சே, விடுவாரா? சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு பின்கட்டிலேயே கிடந்தேன்.

பொழுது சாயும் நேரம் மாமியார் பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு கடையிலிருந்து வந்தார். ஒரு பிடியை எட்ட நின்று என் தட்டில் போட்டார்.

"பூஜ நல்லா நடந்துச்சா அத்தை?"

"அமர்க்களமா நடந்துச்சு. வண்டியெல்லாம் கழுவி, வாழ கட்டி... அந்தக் கம்பியெல்லாம்கூட பெரியவன் எடுத்து வெச்சான். பையிலருந்து ஒவ்வொண்ணா உருவி, தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, வரிசையா அடுக்கி, பாக்கவே கண்ணுக்கு நெறவா இருந்துச்சு."

பொரித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆயுத பூஜையில் தொழில் செய்கிற சாமானைச் சாமி முன்னால் வைத்துவிட்டால் அன்றைக்கு அதைத் தொடக் கூடாது. மறுநாள் நல்ல நேரம் பார்த்து, மறுபடி கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும். ஸ்பேனர், ஜாக்கி, பம்பு என்று எங்கள் கடைச் சாமான்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அதெல்லாம் எங்கள் ஆயுதம், சரி. எவனோ ஒரு அதிகாரியின் கோல்ஃப் மட்டை எப்படி எங்கள் ஆயுதம் ஆகும்?

மூத்தார் வீட்டுக்கு வந்ததும் பின்கட்டு வாசலில் நின்றபடி கேட்டேன்.

"மாமா, மட்டைய ஏன் பூஜைல வெச்சீங்க? காலைல வெயில் ஏறதுக்குள்ள அது ரிசார்ட்ல இருக்கணும்."

"கடைக்குள்ள வந்துட்டா அதுவும் தொழில் சாமான்தான். வெக்காம வுட்டா சாமி குத்தம்."

"எப்ப எடுப்பீங்க?"

"ஒம்போதுக்கு மேலதான் நல்ல நேரம். அதுக்கு முன்ன எவனும் கை வெக்கக் கூடாது."

"அப்ப வேனு? அதுக்கும்தான பூஜ போட்டீங்க. போட்ட கையோட மெட்ராசுக்கு அனுப்பிட்டீங்களே!"

"வண்டி ஓடிகினே இருக்கணும். அது வேற."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள். அவர் வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினால் உடனே ஓடலாம். நான் ஏற்பாடு செய்த மட்டை மட்டும் சாமி முன்னால் தூங்க வேண்டும். அவர் பக்தியில் பொய் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடவுளுக்குப் பயந்த மனுஷர்தான். ஆனால் அந்தப் பயம் அவருக்கு எப்போதும் அவர் வசதிக்குத் தக்கபடி வரும். அவருக்குப் பின்னால் மச்சினன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பல்லைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் புரிந்தது.

விடிந்தும் விடியாமல் முதல் பஸ் பிடித்துக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அம்பாசடரில் மூவரும் வந்திருந்தார்கள். மச்சினன் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தான். மாமியார் பூ கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் அந்த மட்டைகள் சந்தனப் பொட்டும் குங்குமமுமாகப் படுத்திருந்தன. நடுநடுவே ஸ்பேனர்கள். வெள்ளைப் பந்துகளுக்குக்கூட ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்திருந்தார் மனுஷர்.

"அங்கயே நில்லு," என்றார் மூத்தார். "உள்ள வராத."

"மாமா, உங்க தம்பி அந்த கெழவனுங்கள ஏத்திகினு கெளம்பிட்டிருப்பாரு. நீங்களே எடுத்து வண்டில வைங்க. நான் தொடல."

"நேரம் வரல."

"சரி, ஒரு கற்பூரத்த இப்பவே காட்டிட்டு எடுங்களேன். சாமி இன்னா கடிகாரமா கட்டிகினு கீது?"

"ஏண்டி, வாய்க் கொழுப்பாடி உனுக்கு!" என்று மாமியார் பூவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

மூத்தார் பதறவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் நாற்காலி.

"வெள்ளக்காரன் ஒரு ரெண்டு மணி நேரம் காத்திருந்தா செத்துடமாட்டான். முடியாதுன்னா சாவிய வெச்சிட்டுப் போ."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆங்காரம் வந்ததோ தெரியாது. செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். மூத்தார் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். என் சேலை அவர் மேல் பட்டுவிடக் கூடாதே! குனிந்து மட்டைகளை ரெண்டு கையாலும் அள்ளிப் பைக்குள் திணித்தேன். பந்துகளைப் பொறுக்கி முந்தானையில் கட்டினேன். ஒரு ஸ்பேனரும் சேர்ந்து வந்துவிட்டது. அதை எடுத்து வெளியே போடக்கூட எனக்கு நேரமில்லை.

"அடிப் பாவி! தூரமான கையோட தொட்டுட்டியே! சாமி கண்ணக் குத்தும்டி!"

"குத்தட்டும் அத்தை. எனக்கு ஒரு கண்ணு போதும்."

மச்சினன் அம்பாசடரை எடுக்க மாட்டேன் என்று சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். உன் வண்டி யாருக்குடா வேண்டும் என்று ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டேன். பை இரண்டும் ரெண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் நான். சவுக்குத் தோப்பு வரும்வரை இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டே போனேன்.

நான் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. நாலு கிழவர்களும் இறங்கினார்கள். எல்லாருக்கும் முழங்கால்வரை வெள்ளைக் கால்சட்டை. அவர்களில் மூத்தவர் ஒரு மட்டையை உருவினார். கைப்பிடியில் இருந்த குங்குமம் உள்ளங்கையில் ஒட்டியது. அதைக் கால்சட்டையில் துடைத்தார். கால்சட்டை செக்கச்செவேல் என்று ஆனதும் அவர் முகம் அதைவிடச் சிவந்தது. இங்கே பொறுப்பாளர் யார், ஆண் யாரும் இல்லையா என்று இங்கிலீஷில் கேட்டார். வீட்டிலும் மூத்தார், கப்பலிலிருந்து இறங்கியும் ஒரு மூத்தாரா என்று எனக்கு எரிந்தது. "நான்தான் பொறுப்பு," என்றேன். ஈரத் துண்டை எடுத்து ஒவ்வொரு கைப்பிடியாகத் துடைத்துக் கொடுத்தேன். அவர்கள் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. பைக்குள்ளிருந்து ஸ்பேனர் வந்தபோது மட்டும் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆடினார்கள். வெயிலைத் திட்டிக்கொண்டே ஆடினார்கள். பொட்டு வைத்த பந்து சவுக்குத் தோப்புக்குள் போனால் தேடிக் கொண்டுவர நான்தான் ஓடினேன். கடைசி இரண்டு குழி பாக்கி இருக்கும்போது நேரம் தாண்டிவிட்டது. கிளம்பச் சொன்னேன். அந்த மூத்த கிழவர் காதிலேயே வாங்கவில்லை. ஆட்டத்தைப் பாதியில் விடும் பழக்கம் தனக்கு இல்லையாம். கப்பல் போய்விட்டால் அவருக்கு அடுத்த ஊரில் பிடித்துக்கொள்ள வழி இருக்கும். எனக்கு அடுத்த ஊர் ஏது? நேராகப் போய் அவர் காலடியில் கிடந்த பந்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"ஆட்டம் முடிந்தது. வண்டியில் ஏறுங்கள்," என்றேன்.

ஏதேதோ கத்தினார். கத்திக்கொண்டே ஏறினார்.

வேனை அனுப்பிவிட்டு நான் கடைக்குத் திரும்பினேன். கடை முழுக்க மஞ்சள் தண்ணீரும் கோமியமும் தெளித்துக் கழுவி விட்டிருந்தார்கள். மூத்தார், மாமியார், மச்சினன் மூன்று பேரும் உள்ளே. நான் வாசற்படிக்கு வெளியே. பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் போன் அடித்தது.

பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. மூத்தார் பெட்டியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா மாமா, எடுக்கட்டுமா, இல்ல நல்ல நேரம் வரட்டுமா?"

விலகி நின்றார். கழுவிய தரையில் நடந்து போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்தேன். ஏஜென்ட்தான். நாலு பேரும் கப்பலில் ஏறிவிட்டார்களாம். ஒருவர் மட்டும் உங்கள் மேல் புகார் சொன்னார், மற்ற மூன்று பேரும் அந்த அம்மாவால்தான் கப்பலைப் பிடித்தோம் என்றார்கள் என்றார். சீசன் முழுக்க வண்டி எங்களுடையது. போனை வைத்துவிட்டு நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன்.

மூத்தார் முகம் மலர்ந்துவிட்டது. கை தட்டாத குறை.

"பாத்தியாம்மா? நான் பூஜைல வெச்சதாலதான் காரியம் ஜெயிச்சுது. இல்லன்னா நடந்திருக்குமா?" என்று தாயைப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"சாவியக் குடு. டிரிப்பு முடிஞ்சுது, சந்தோஷம். ஆனா தீட்டோட சாமி சாமானத் தொட்ட பொம்பள இனிமே இந்தக் கடைல ஒக்காரக் கூடாது. கப்பல மச்சான் பாத்துப்பான்."

ஜெயித்தது அவர் பூஜையால், தீட்டு மட்டும் என்னால். நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்! இவர்கள் முன்னால் அழுவதா? சாவியை இடுப்பிலிருந்து உருவினேன். அவர் நீட்டிய கைக்கு நேராகப் பிடித்தேன்.

"எடுத்துக்குங்க மாமா. நேத்துலருந்து என் இடுப்புலதான் கீது."

கை சட்டென்று பின்னால் போனது. மச்சினனைப் பார்த்து, "நீ வாங்குடா," என்றார். அவன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"தொடாதடா!" என்று அலறினார் மாமியார். "தலைக்கு ஊத்தணும்! கழுவுன கடைய மறுபடியும் கழுவணும்!"

மச்சினன் எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். சாவி என் விரலில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கடையில் அதைத் தொட என்னைத் தவிர ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"குளிச்சு முழுகிட்டு கொண்டாந்து குடு," என்று சொல்லிவிட்டு மூத்தார் வெளியே போனார்.

பூட்டை உடைத்திருக்கலாம். ஆனால் கப்பல் சீசன் ஆரம்பித்துவிட்டது, ஏஜென்ட் என் குரல் கேட்டால்தான் பேசுவார். அதனால் மூத்தார் கேட்பதோடு நிறுத்திக்கொண்டார். வாரம் ஒரு தடவையாவது கையை நீட்டுவார். நான் ஒவ்வொரு தடவையும் சாவியை உருவி அவர் கைக்கு நேரே நீட்டி, "இன்னிக்கு நான் தூரம் மாமா," என்பேன். கை பின்னால் போகும். மாதத்தில் முப்பது நாளும் தூரமாக இருந்த மருமகள் செங்கல்பட்டுச் சீமையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பொய் என்று அவருக்குத் தெரியும். தம்பி பெண்டாட்டியிடம் அந்தப் பேச்சை எடுத்து ஒரு ஆம்பளை எப்படி விசாரிப்பார்?

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை கேட்டார். அப்போது எனக்கு ஏழு மாதம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்று சாவியை நீட்டினேன்.

"இன்னிக்கு நான் தூரம் மாமா."

என் வயிற்றைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். திரும்பி வெளியே போனார். அதற்கப்புறம் சாவியைக் கேட்கவே இல்லை.